கறுப்புப் படத்திற்கு வண்ண மை எதற்கு?

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர்)

கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை அச்சிடுகிறோம். தீர்ந்துபோவதோ வண்ண மை! இது என்ன விந்தை என்று நண்பர்கள் கேட்கலாம். மீஞ்சூர் ரயில் நிலையத்தருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் மாலை வேலை பார்க்கும் எனக்கு, இக்கேள்வியை ஒரு பெரியவர் எழுப்பினார்.

மறைந்த தம் மனைவியின் பழைய படத்தை, முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காகப் பெரிதாக்கக் கொண்டுவந்தார் அவர். பளபளப்புத் தாளில் அச்சிட்டேன். கடைக் குழல்விளக்கின் ஒளியில் நல்ல சாம்பல் நிறமாகவே இருந்தது. மறுநாள் திரும்பி வந்தார். "தம்பி, வெயில்ல பார்த்தா மொகம் பச்சையா தெரியுதுப்பா!" வாசலுக்கு எடுத்துச் சென்று பார்த்தேன். உண்மைதான்.

காரணம் இது. சயான் நீலம், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மூன்றையும் தக்க அளவில் கலந்தால் சாம்பல் நிறம் கிடைக்கும். ஆனால் அது கலப்புச் சாம்பல். ஒளி மாறினால் அதன் சாயலும் மாறும். இதை மெட்டமெரிசம் என்பர்.

கறுப்பு மை இருக்கையில் பிரிண்டர் ஏன் கலக்கிறது? வெளிறிய கன்னத்தில் கறுப்புப் புள்ளிகள் மிளகுத்தூள் போல் உறுத்தும். வண்ணப் புள்ளிகள் அவ்வளவு தெரியா. மேலும், நான்கு மைப் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மட்டும் நுண்துகள் மை. மற்ற மூன்றும் கரைந்த சாய மை. பளபளப்புப் பூச்சில் துகள் மை ஒட்டாது. எனவே அத்தாளைக் குறித்ததுமே, பிரிண்டர் கறுப்பை ஒதுக்கிவிடுகிறது.

இதை ஏமாற்ற எண்ணி, பளபளப்புத் தாளை வைத்துக்கொண்டு 'சாதாரணத் தாள்' என்று குறித்தேன். விரல் பட்டதும் நெற்றி அழிந்தது! ஒரு தாள் வீண்.

கணினியில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் போதுமென்று பலர் நினைக்கிறார்கள். போதாது. படம் எந்நிறம் என்பது வேறு, எந்த மையால் அச்சிடுவது என்பது வேறு. பளபளப்பில்லாத மேட் தாளை வைத்து, 'சாதாரணத் தாள்', 'கிரேஸ்கேல்', 'உயர்தரம்' என்ற மூன்றையும் குறிக்க வேண்டும். பல பிரிண்டர்களில் அப்போதுதான் கறுப்பு மை மட்டும் இறங்கும். அருகில் பார்த்தால் சிறிது மணல்மணலாய்த் தெரியும். சுவரில் மாட்டினால் தெரியாது. கைக்குள் வைத்துப் பார்க்கும் சிறு படத்திற்கு, கலப்புச் சாம்பலே மேல் என்பது என் கருத்து. இக்குறை தீரத்தான் எப்சன் நிறுவனம் 2005-இல் கறுப்போடு இரு வெளிர் கறுப்பு மைகளையும் சேர்த்து ஒரு பிரிண்டரை வெளியிட்டது. நம் கடைகளுக்கு அது எட்டாத விலை.

இன்னொன்று. வண்ண மையை அறவே பூட்டி வைப்பதும் சிக்கனமாகாது. துளைகள் உலர்ந்து அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்வதிலேயே நிறைய மை போகும். வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிடுவது நலம். பிரிண்டரை அதன் பொத்தானால் அணைத்தபின்பே சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும். இல்லையேல் மைத்தலை மூடப்படாமலே நின்று காயும்.

பெரியவருக்கு மேட் தாளில் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தேன். வாங்கியவர் நேரே வெயிலுக்குப் போனார். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இதுதாம்பா அவ" என்றார்.