கருவறையில் போடும் அஸ்திவாரம்



நான் சிவில் மாணவன். கான்கிரீட் போட்ட முதல் சில நாட்கள் தண்ணீர் ஊற்றாமல் காயவிட்டால், பிறகு எவ்வளவு ஊற்றினாலும் இழந்த பலம் முழுசாகத் திரும்பாது. மனித உடம்புக்கும் இப்படி ஒரு 'கியூரிங்' காலம் உண்டு. அதுதான் தாயின் வயிற்றில் இருக்கும் பத்து மாதம்!

மைசூரில் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனை இருக்கிறது. 1934 முதலே அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு மூன்றையும் நோட்டில் எழுதி வைத்தார்கள். 1934க்கும் 1954க்கும் இடையில் அங்கே பிறந்த 517 பேரை ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். முடிவு 1996-ல் 'லான்செட்' இதழில் வந்தது. பிறக்கும்போது 3.1 கிலோவோ அதற்கு மேலோ இருந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு இதய நோய். 2.5 கிலோவோ அதற்குக் கீழோ இருந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு! அவர்களிலும், கர்ப்ப காலத்தில் தாயின் எடை 45 கிலோவுக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு இது நூற்றுக்கு 20.

காரணம் என்ன? சத்து பற்றாக்குறை வந்தால் சிசுவின் உடம்பு முதலில் மூளையைக் காப்பாற்றும். சிறுநீரகம், கணையம் போன்றவற்றுக்குப் பங்கு குறையும். ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் பொதுவாகப் பிறப்பதற்குள் உருவாகி முடிந்துவிடும். அதற்குப் பிறகு புதிதாக வராது. குறைவாக இருந்தால் பிற்காலத்தில் ரத்த அழுத்தம் வர வாய்ப்பு அதிகம். கணையம் பலவீனமாக இருந்தால் சர்க்கரை நோய்க்கு வழி.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். படித்ததைப் பெருமையாக வீட்டில் சொன்னேன். அம்மா முகம் வாடிவிட்டது. நான் பிறந்தபோது இரண்டு கிலோதானாம். என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு ஏழாம் மாதம் வரை நெய்வேலியில் சித்தாள் வேலைக்குப் போனார்கள். "அப்போ நாளைக்கு உனக்கு ஏதாச்சும் வந்தா என்னாலதானாடா?" என்று கேட்டார்கள். எனக்குப் பேச்சே வரவில்லை.

மறுநாள்தான் பதில் சொன்னேன். "நூத்துல பதினொண்ணு போனா மீதி எண்பத்தொன்பது பேர் அந்தப் பரிசோதனையில நல்லாத்தாம்மா இருந்தாங்க. நான் உடம்பைப் பார்த்துக்கிட்டா போதும். அன்னைக்கு வேலைக்குப் போனா சோறு, இல்லன்னா பட்டினி. அது உன் தப்பா?"

இப்போது அக்கா ஆறு மாதம். "ரொம்பத் தின்னா புள்ள பெருத்துப் பிரசவம் கஷ்டமாயிடும்" என்கிறது ஆயா. அக்காவும் எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிச்சத்தைத்தான் சாப்பிடும். அடுத்த மாதம் வளைகாப்பில் ஐந்து வகை சாதம் ஊட்டப் போகிறோம். ஒரு நாள் ஊட்டினால் போதுமா? கியூரிங் தினமும் செய்ய வேண்டிய வேலையாச்சே!

அதனால் இப்போது எங்கள் வீட்டில் அக்காதான் முதல் பந்தி. கீரை, முட்டை, பயறு, டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை எல்லாம் தவறுவதில்லை. தண்ணீர்க் குடம் என் தோளில். மாமா பீடியோடு வீட்டுக்குள் வர முடியாது!

நண்பர்களே, கரு சுமப்பது பெண்தான். ஆனால் அஸ்திவாரம் போடுவது குடும்பமே சேர்ந்துதான். குழந்தைக்கு ஒரு குறை என்றால் தாயைக் குற்றம் சொல்வதற்கு முன், அவள் தட்டில் என்ன இருந்தது, அவள் தலையில் எவ்வளவு பாரம் இருந்தது என்று கேட்போம். நாளைக்கு நாமும் அப்பாவாக, மாமாவாக ஆகப் போகிறவர்கள்தானே!