நாஞ்சில் நாட்டு வயலும் செல்வக் கணக்கும்

ரூபாயும் நகையுமே செல்வம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. பொருளாதார இயல் இச்சொல்லுக்குத் தரும் பொருள் விரிவானது. ஒரு பொருள் செல்வம் எனப்பட நான்கு தன்மைகள் வேண்டும். அது பயன் தர வேண்டும். தேவைக்குக் குறைவாகவே கிடைக்க வேண்டும். மனிதனுக்குப் புறத்தே இருக்க வேண்டும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும். வெயிலும் காற்றும் பயன் தருகின்றன. வேண்டிய மட்டும் கிடைப்பதால் அவை செல்வம் ஆவதில்லை.

மழைக்காலத்தில் பெருகிக் கடலுக்கு ஓடும் வெள்ளமும் அப்படியே. அதே நீரைத் தேக்கி, பயிர் வாடும்போது மடை திறந்து விட்டால் அது செல்வம். கோதையாற்றில் 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும், ஊர்தோறும் உள்ள குளங்களும் மழையைச் செல்வமாக மாற்றுகின்றன. புரட்டாசியில் அறுவடையாகும் கன்னிப்பூ, மாசியில் அறுவடையாகும் கும்பப்பூ என இரு போகம் விளைவது இதனால்தான்.

இருப்பும் வரவும்

செல்வம் என்பது குறிப்பிட்ட நாளில் உள்ள இருப்பு. வருமானம் என்பது ஓராண்டில் அதிலிருந்து கிடைக்கும் வரவு. வயல், தென்னை, மாடு, பம்புசெட் ஆகியவை செல்வம்; நெல்லும் தேங்காயும் விற்ற பணத்தில் செலவு போக மிஞ்சுவது வருமானம். இருப்பு குறையாமல் எவ்வளவு செலவிடலாமோ அதுவே உண்மையான வருமானம். எடுத்துக்காட்டாக, ரூ.40,000 விலையுள்ள பம்புசெட் 10 ஆண்டு உழைக்கும் என்றால், ஆண்டுக்கு ரூ.4,000 தேய்மானமாகக் கழிக்க வேண்டும்.

மண்ணும் தேய்கிறது. ஒரு டன் நெல் விளைய, பயிர் ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்தையும் 30 கிலோ சாம்பல்சத்தையும் எடுக்கிறது. சாம்பல்சத்தில் பெரும் பகுதி வைக்கோலில் உள்ளது. வைக்கோலை விற்று, சத்தைத் திருப்பி இடாத விவசாயி, வருமானம் என்று எண்ணி மண்ணில் உள்ள முதலையே செலவழிக்கிறார்.

வயலை விற்றால்?

மாவட்டத்தில் நெல் வயல்கள் வீட்டு மனைகளாக மாறி வருகின்றன. மனை விற்ற தொகை வருமானம் அன்று. செல்வம் உருமாறியதே ஆகும். அத்தொகையில் வேறு நிலமோ தோப்போ வாங்கினால் செல்வம் நிலைக்கும். அன்றாடச் செலவில் கரைத்தால், ஆண்டுதோறும் இரு போகம் தந்த முதல் ஒரே தடவையில் தீர்ந்துவிடும்.

மேலும், மேட்டு வயலில் மண் நிரப்பி வாய்க்கால் அடைபட்டால், கீழ் வயல்களுக்கு நீர் எட்டாது. இந்த நட்டம் எந்தக் கிரயப் பத்திரத்திலும் எழுதப்படுவதில்லை. குளமும் வாய்க்காலும் தனி ஒருவர் விற்க முடியாத பொதுச் செல்வம். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலங்கள் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பாசனத்துடன் பறவைகளுக்கும் வாழ்விடமாக இருப்பதால், குளத்தின் மதிப்பை விளையும் நெல்லைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது.

செய்ய வேண்டியவை

1. ஆண்டுக்கு ஒரு முறை, நிலம், மரம், கால்நடை, கருவிகள், கையிருப்பு, கடன் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். கடன் போக நிற்பதே உங்கள் செல்வம். சென்ற ஆண்டை விட அது குறைந்திருந்தால் காரணத்தை ஆராயுங்கள்.

2. மண் பரிசோதனை செய்து, அதன் பரிந்துரைப்படி உரமிடுங்கள்.

3. கும்பப்பூ அறுவடைக்குப்பின் கோடை மழை ஈரத்தில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, சுமார் 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள்.

4. நீர் திறப்பதற்கு முன் ஊரார் கூடி வாய்க்கால்களைச் சீரமையுங்கள்.

வயலை விற்க எண்ணுவோர், கிடைக்கும் விலையுடன், கைவிட்டுப் போகும் ஆண்டு வரவையும் இந்த நோட்டில் எழுதிப் பார்த்து முடிவு செய்வது நல்லது.