கைக்குள் வந்த தொலைபேசி – எல்லை இடுவது யார்?



பிழைப்பைத் தேடி மும்பைக்கும் பெங்களூருக்கும் தில்லிக்கும் வந்து, பத்துக்குப் பத்து அறையில் குடும்பம் நடத்தியவர்களுக்கு 1990-களின் இரவுகள் நன்றாக நினைவிருக்கும். வேலை முடிந்து, சாப்பிட்டு, பிள்ளைகளைப் படுக்கவைத்த பின்பு, தெருமுனையில் மஞ்சள் பலகை தொங்கிய எஸ்.டி.டி. பூத்தை நோக்கி நடப்போம். இரவு முதிர முதிரக் கட்டணம் குறையும். ஆகவே அந்த வேளையில்தான் அங்கே கூட்டமும் அதிகம்.

ஊரில் நம் வீட்டில் தொலைபேசி இராது. பலசரக்குக் கடையிலோ, வாத்தியார் வீட்டிலோ இருக்கும். அதற்குப் பெயர் 'பி.பி. நம்பர்'. முதலில் ஒரு முறை அழைத்து, "அம்மாவைக் கொஞ்சம் கூப்பிட்டு வையுங்கள், பத்து நிமிடத்தில் மறுபடியும் பேசுகிறேன்" என்று சொல்லி வைத்துவிடுவோம். ஒரு சிறுவன் தெருவில் ஓடுவான். அம்மா மூச்சிரைக்க வந்து நிற்பார்கள். கூடவே அத்தையும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் வந்து நிற்பார்கள். இங்கே கண்ணாடிக் கதவுக்குள் நின்று பேசுகிற நம் கண்களோ, மீட்டர் பெட்டியில் ஓடும் சிவப்பு எண்களைவிட்டு அகலாது. "உடம்பு எப்படி இருக்கிறது? பணம் வந்து சேர்ந்ததா? மழை உண்டா?" மூன்று கேள்விகளுக்குள் பதினைந்து ரூபாய் ஆகிவிடும். அதற்குள் வெளியே நிற்பவர் கண்ணாடியைத் தட்டுவார். வைத்துவிட்டு வெளியே வருவோம்.

இன்று அந்தப் பூத் இல்லை. அம்மாவின் கையிலும் ஒரு கைபேசி, நம் சட்டைப் பையிலும் ஒன்று. முகத்தைப் பார்த்தே பேசலாம். சிவப்பு எண்கள் ஓடுவதில்லை, கண்ணாடியைத் தட்டுவாரும் இல்லை. இருந்தும், ஊரில் இருக்கும் தாயோடு பத்து நிமிடம் முழுமையாக நீங்கள் பேசி எத்தனை நாள் ஆயிற்று? கையிலே கருவி இருந்தும் இந்தக் கேள்வி நம்மை ஏன் தலைகுனியச் செய்கிறது?

கருவி வந்த வழி

சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 1960-ஆம் ஆண்டில்தான் நம் நாட்டில், கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, இணைப்பகப் பணியாளரின் உதவியின்றி நேரடியாக வெளியூருக்கு அழைக்கும் வசதி தொடங்கியது. 1984-இல் சி-டாட் என்னும் அரசு ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. சாம் பிட்ரோடா அதை முன்நின்று நடத்தினார். நம் நாட்டு வெப்பத்தையும் தூசியையும் தாங்கும் சிறிய தொலைபேசி இணைப்பகங்களை இந்நிறுவனம் வடிவமைத்தது. கிராமங்களுக்குத் தொலைபேசி வந்ததிலும், மஞ்சள் பலகைப் பூத்துகள் தெருவெங்கும் பெருகியதிலும் அந்த முயற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. மாற்றுத்திறனாளிகள் பலருக்கு அந்தப் பூத்தே சோறு போட்டது என்பதையும் மறக்கலாகாது.

உலகின் முதல் கைபேசி அழைப்பு 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் நகரத் தெருவொன்றில் நிகழ்ந்தது. அழைத்தவர் மோட்டோரோலா நிறுவனத்தின் பொறியாளர் மார்ட்டின் கூப்பர். அவர் கையில் இருந்த கருவியின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. நம் நாட்டில் 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து, தில்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசினார். அக்காலத்தில் ஒரு நிமிடத்திற்கு 16 ரூபாய்வரை கட்டணம். அழைத்தவர் மட்டுமல்ல, அழைப்பை ஏற்றவரும் பணம் கட்டவேண்டும்! கொத்தனாரும் பெயின்டரும் அதை எப்படி வாங்குவார்கள்?

2003-ஆம் ஆண்டில், வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்றானது. அதே ஆண்டில் டார்ச் விளக்குடன் நோக்கியா 1100 வந்தது. உலகம் முழுவதிலும் 25 கோடிக்கும் மேல் விற்ற கருவி அது. ஒரு மணி அடித்துத் துண்டித்தால் 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்று பொருள் கொள்ளும் 'மிஸ்டு கால்' என்னும் காசில்லாத மொழியை நம் மக்கள் கண்டுபிடித்தார்கள். 2013 ஜூலையில் தந்தி விடைபெற்றது. 2016-இல் யு.பி.ஐ. பணப்பரிமாற்றமும், அவ்வாண்டு செப்டம்பரில் ஜியோவின் வருகையால் மலிந்த இணையமும் சேர்ந்து, கைபேசியைக் கடிதமாக, வங்கியாக, திரையரங்காக, கடைத்தெருவாக மாற்றின.

நன்மையை மறுக்கலாமா?

மறுக்கலாகாது. வடகேரளக் கடற்கரையில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். மத்தி மீன் பிடிப்போர் தங்கள் ஊர்க் கரையிலேயே மீனை இறக்குவார்கள். ஒரு கரையில் வாங்க ஆளின்றி மீனைக் கடலில் கொட்டுவார்கள். சில மைல் தள்ளியுள்ள மற்றொரு கரையிலோ மீன் கிடைக்காமல் வியாபாரிகள் வெறுங்கையோடு திரும்புவார்கள். 1997 முதல் 2001 வரை அக்கரையோரம் படிப்படியாகக் கைபேசிக் கோபுரங்கள் எழுந்தன. படகிலிருந்தபடியே எந்தக் கரையில் விலை நன்று என்று மீனவர்கள் கேட்டறிந்தார்கள். இதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் 2007-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. மீனவரின் லாபம் ஏறக்குறைய 8 சதவீதம் கூடியது. வாங்குவோர் கொடுத்த விலையும் ஏறக்குறைய 4 சதவீதம் குறைந்தது. விற்றவருக்கும் நன்மை, வாங்கியவருக்கும் நன்மை.

நமக்கும் அப்படியே. காலையில் முச்சந்தியில் நின்று வேலைக்குக் காத்திருந்தவரை இன்று மேஸ்திரி வீட்டிலிருந்தே அழைக்கிறார். மணியார்டர் அனுப்பிவிட்டு நாட்களை எண்ணியவர் இன்று நொடியில் பணம் அனுப்புகிறார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, ரயில்கள் நின்று, நாம் இங்கும் பெற்றோர் அங்குமாகச் சிக்கியிருந்த நாட்களில் நம்மைத் தாங்கிய கயிறு இந்தக் கைபேசிதான். ஆகவே கருவியைச் சபிப்பது நன்றிகெட்டதனம்.

எடுபட்டுப் போனவை

ஆனால் பூத்தில் இருந்த இரண்டு காரியங்கள் கைபேசியில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒன்று, சிவப்பு எண்கள். மற்றொன்று, கண்ணாடியைத் தட்டும் மனிதர். முதலாவது, 'போதும்' என்று நமக்குச் சொன்னது. இரண்டாவது, நம்மைச் சுற்றி மற்றவர்களும் உண்டு என்று சொன்னது. இந்த இரண்டு எல்லைகளும் கருவிக்கு வெளியே இருந்தன. நாம் அவற்றை ஏற்படுத்தவில்லை. அவை இருந்தபோது சலித்துக்கொண்டோம். இன்று அவை இரண்டும் எடுபட்டுப் போயின.

செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. வானொலி நாடகத்துக்கு முடிவு உண்டு. கைபேசித் திரைக்கோ முடிவே இல்லை. விரலால் தள்ளத் தள்ள அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும் இந்த முறையை 2006-இல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின் என்பவர். அடுத்த பக்கத்தை அழுத்தும் வேலையை மிச்சப்படுத்தவே அதைச் செய்தார். பின்னாளில் அதற்காக அவரே வருந்தினார். பக்கம் முடிகிற இடத்தில்தான் மனம் 'போதுமா?' என்று தன்னைக் கேட்கிறது. அந்த இடத்தையே எடுத்துவிட்டால் கேள்வியும் எழாது. இச்செயலிகளில் பலவும் நம்மிடம் காசு வாங்குவதில்லை. நாம் திரையில் செலவிடும் நேரத்தை விளம்பரக்காரருக்கு விற்றே அவை சம்பாதிக்கின்றன. ஆகவே நாம் எழுந்து போவது அவர்களுக்கு நஷ்டம்.

இனி அந்த ஒற்றை அறையைப் பாருங்கள். முன்பு அங்கே ஒரே தொலைக்காட்சி இருந்தது. எதைப் பார்ப்பது என்று சண்டை இருந்தாலும், சிரித்தால் எல்லாரும் ஒன்றாய்ச் சிரித்தோம். இன்று ஐந்து பேர், ஐந்து திரைகள், ஐந்து ஜோடிக் காதுகளில் இயர்போன். கைநீட்டினால் தொடும் தூரத்தில் படுத்திருக்கும் மகன் எந்த உலகத்தில் இருக்கிறான் என்று தாய்க்குத் தெரியாது.

ஒரு குடும்பத்தின் கதை

நான் அறிந்த ஒரு குடும்பம். தகப்பனார் கட்டட வேலை செய்கிறவர். பத்தொன்பது வயது மகன் கல்லூரிக்குப் போகிறவன், அடக்கமான பிள்ளை. இரவில் போர்வைக்குள் கைபேசியின் வெளிச்சம் தெரியும். 'படிக்கிறான்' என்று தாய் எண்ணினார். அவன் பணம் கட்டிச் சீட்டாடிக்கொண்டிருந்தான். முதலில் கொஞ்சம் ஜெயித்தான். பிறகு தோற்றான். தோற்றதை மீட்க, ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகளை நாடினான். ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன். கடைசியில் கடன்காரர்கள் அவனுடைய கைபேசியிலிருந்த எண்களுக்கெல்லாம் அவமானமான செய்திகளை அனுப்பினார்கள். ஊரிலிருந்து தாய்மாமன் அழைத்துச் சொன்ன பிறகே பெற்றோருக்குத் தெரிந்தது. அன்று அந்தப் பிள்ளை வீடு திரும்பவில்லை.

தகப்பனார் இரவெல்லாம் தேடி, விடியற்காலையில் ரயில் நிலைய நடைமேடையில் மகனைக் கண்டார். அவர் அடிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, "எல்லாவற்றையும் எழுது, சேர்ந்து அடைப்போம்" என்றார். காவல்துறையிலும் புகார் கொடுத்தார்கள். பின்பு ஒருநாள் மகன் சொன்னான்: "அப்பா, கடன் என்னைக் கொல்லவில்லை. யாரிடமும் சொல்லமுடியாமல் இருந்ததுதான் கொன்றது."

பெற்றோரே, சட்டம் இன்று நமக்குத் துணை நிற்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கடன் செயலிகள் வாடிக்கையாளரின் கைபேசியிலுள்ள தொடர்பு எண்களைத் தொடக்கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி விதித்தது. ஆனாலும் போர்வைக்குள் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை.

முதியோருக்கும் இதே கண்ணி வேறு விதமாக விரிக்கப்படுகிறது. போலீஸ் உடையில் ஒருவன் வீடியோவில் தோன்றி, 'உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது. டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம். இணைப்பைத் துண்டிக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்' என்பான். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைது கிடையவே கிடையாது. 'யாரிடமும் சொல்லாதே' என்பதே அவன் கையிலுள்ள ஆயுதம். அன்று பலசரக்குக் கடையில், அம்மாவோடு பெரியம்மாவும் நின்று கேட்ட இடத்தில், இந்த ஏமாற்று பலித்திருக்குமா?

நாம் செய்யக்கூடியவை

வெளியே இருந்த எல்லை போய்விட்டது. இனி அதை வீட்டுக்குள்ளே நாம்தான் இடவேண்டும். அது பிள்ளைகளிடமிருந்து அல்ல, பெற்றோரிடமிருந்தே தொடங்கவேண்டும். சாப்பாட்டு வேளையில் தகப்பனின் கையில் கைபேசி இருக்கும்போது, மகனிடம் 'வை' என்று சொல்லும் உரிமை அவருக்கு ஏது?

கைபேசிகளுக்கு ஓர் இடம் குறியுங்கள். வாசற்கதவின் அருகே ஒரு பலகை போதும். இரவில் எல்லாக் கருவிகளும் அங்கேயே சார்ஜ் ஏறட்டும். தகப்பனுடையதும் அங்கேயே இருக்கட்டும். சாப்பாட்டுக்கும் குடும்ப ஜெபத்துக்கும் உரிய அந்த ஒரு மணி நேரம் திரையின்றி இருக்கட்டும்.

கைக்குழந்தையின் அழுகையை அடக்கக் கைபேசியைக் கொடுக்காதீர்கள். இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக்கூடாது என்றும், குறைந்தால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. உங்கள் பிள்ளையும் தான் செய்த தவறை உங்களிடம் அவ்வளவு சீக்கிரம் சொல்லக்கூடிய வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். அந்தத் தகப்பனார் நீட்டிய நோட்டுப் புத்தகம் பல அடிகளைவிட வலிமையானது.

பிரியமானவர்களே, இன்றிரவு ஒரு காரியம் செய்யுங்கள். ஊரில் இருக்கும் உங்கள் தாயையோ தகப்பனையோ அழையுங்கள். தனியே ஒரு மூலையில் நின்று அல்ல. ஒலிபெருக்கியைப் போட்டு, கைபேசியை நடுவில் வைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துப் பேசுங்கள். மழை உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். முடிந்தால் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவையும் அழைக்கச் சொல்லுங்கள். இப்போது சிவப்பு எண்கள் ஓடவில்லை, அவசரப்படத் தேவையில்லை.