சரக்கைக் காட்டும் வீடியோ: வெட்டுவதும் ஒட்டுவதும்



மழைக் காலத்தில் கலா ஓயா பெருகினால், பழைய புத்தளம் - மன்னார் வீதியிலுள்ள எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும். போக்குவரத்து நின்றுவிடும். வீதி நன்றாக இருக்கும் நாளில்கூட, நாற்பது சாக்குக் கருவாட்டைப் பார்ப்பதற்காகப் புறக்கோட்டை முதலாளி ஒருவர் எங்கள் ஊர் வரை வருவாரா? வரமாட்டார். "வட்ஸ்அப்பில் வீடியோ போடுங்கள்" என்பார். இன்று பாதி வியாபாரம் அந்த வீடியோவைப் பார்த்துத்தான் முடிவாகிறது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கட்டாக் கருவாடு ஒரு லோட் அனுப்புவதற்கு முன், மூன்று துண்டு வீடியோ அனுப்பினேன். முதலாவதில் மேல் சாக்குகள், இரண்டாவதில் நிறுவை, மூன்றாவதில் உடைந்த சாமான் இருந்த ஆறு சாக்குகள். வாங்குபவர் முதல் துண்டை மட்டும் திறந்து பார்த்துவிட்டு "அனுப்புங்கள்" என்றார். சரக்கு இறங்கியதும் உடைசலைக் கண்டு முழு லோட்டுக்கும் விலையைக் குறைத்தார். நான் காட்டினேன் என்றேன், அவர் காணவில்லை என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. அந்த மூன்று துண்டையும் ஒரே வீடியோவாக ஒட்டி அனுப்பியிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது. அதன் பிறகுதான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.

இதற்குப் பணம் கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. ஆனால் "இலவசம்" என்பதில் இரண்டு வகை உண்டு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. ஒரு வகை, வேலை முடிந்த வீடியோவின் மேல் தன் கம்பனிப் பெயரைப் பொறித்துவிட்டு, அதை நீக்கக் காசு கேட்கும். மற்ற வகை, உண்மையிலேயே இலவசம். அவிடெமக்ஸ், ஷொட்கட், ஓப்பன்ஷொட் ஆகியவை இந்த இரண்டாவது வகை. வியாபாரத்துக்கும் தாராளமாகப் பாவிக்கலாம். முன்பு எல்லோரும் பாவித்த விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசொஃப்ட் 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது இப்போது காசு கேட்டால் ஏமாற வேண்டாம். எந்த மென்பொருளையும் அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரே தொலைபேசியில், ஒரே அளவில் எடுத்த துண்டுகளுக்கு அவிடெமக்ஸ் போதும். முதல் துண்டைத் திறந்து, 'அப்பெண்ட்' மூலம் அடுத்தடுத்த துண்டுகளைப் பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். வேண்டாத பகுதியின் தொடக்கத்தில் 'ஏ' அடையாளமும் முடிவில் 'பி' அடையாளமும் இட்டு, டிலீட் விசையை அழுத்தினால் அது போய்விடும். வீடியோ, ஓடியோ இரண்டையும் 'கொப்பி' என்றே விட்டு, 'எம்பி4 மக்ஸர்' என்பதைத் தெரிந்து சேமிக்க வேண்டும். படம் புதிதாகப் பதியப்படுவதில்லை, உள்ளபடியே நறுக்கி ஒட்டப்படுகிறது. அதனால் தரமும் குறையாது, நேரமும் அதிகம் எடுக்காது.

இதில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். வீடியோவில் ஒவ்வொரு படமும் முழுதாகச் சேமிக்கப்படுவதில்லை. இடையிடையே மட்டும் ஒரு முழுப் படம் இருக்கும். அதற்கும் அடுத்த முழுப் படத்துக்கும் நடுவில், மாறிய பகுதி மட்டுமே பதிவாகும். கணக்குப் புத்தகத்தில் முன்பாக்கியை எழுதிவிட்டு, அதன் பின் வரவு செலவை மட்டும் எழுதிக்கொண்டு போவதைப் போன்றது இது. முன்பாக்கி உள்ள பக்கத்தைக் கிழித்துவிட்டால் மீதிக் கணக்கு விளங்குமா? அதேபோல் 'கொப்பி' முறையில், வெட்டியபின் தொடங்கும் இடம் ஒரு முழுப் படமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் சிதறித் தெரியும். மேல், கீழ் அம்புக்குறி விசைகளை அழுத்தினால் அவிடெமக்ஸ் முழுப் படங்களுக்கே தாவிச் செல்லும். அங்கு வெட்டுங்கள்.

துண்டுகள் வெவ்வேறு தொலைபேசிகளில், வெவ்வேறு அளவில் எடுக்கப்பட்டிருந்தால் இந்த முறை சரிவராது. அப்போது ஷொட்கட் நல்லது. துண்டுகளை வரிசையாக அடுக்கி, வேண்டிய இடத்தில் 'எஸ்' விசையால் பிரித்து, வேண்டாததை 'எக்ஸ்' விசையால் நீக்கி, 'எக்ஸ்போர்ட்' செய்ய வேண்டும். இங்கு படம் புதிதாகப் பதியப்படுவதால் பழைய கணனியில் நேரம் எடுக்கும். பொறுமை வேண்டும்.

டேட்டாச் செலவையும் கணக்குப் பாருங்கள். தொலைபேசி விநாடிக்கு 16 மெகாபிட் வீதம் பதிந்தால், 8ஆல் வகுக்க 2 மெகாபைட். ஒன்றரை நிமிடத்துக்கு 180 மெகாபைட். ஷொட்கட்டில் அதையே விநாடிக்கு 2 மெகாபிட்டாகக் குறைத்துச் சேமித்தால் 23 மெகாபைட்டுக்குள் அடங்கும். சரக்கின் நிறத்தையும் உலர்வையும் தெளிவாகக் காட்ட வேண்டுமானால், வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பாமல் டொகியுமென்ட்டாக அனுப்புங்கள். வட்ஸ்அப் அதை மேலும் சுருக்காது.

பின்னணியில் சினிமாப் பாட்டுப் போடுவது சிலருக்குப் பழக்கமாகிவிட்டது. மார்க்கம் ஒருபுறமிருக்க, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அது அடுத்தவர் உரிமை. உங்கள் குரலே போதும். தொடக்கத்தில் அன்றைய திகதி, சரக்கின் வகை, சாக்குகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வாயால் சொல்லுங்கள். திகதி இருந்தால், போன மாதச் சரக்கின் வீடியோ இந்த மாதச் சரக்குக்குப் போய்ச் சேராது.

கடைசியாக, எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்பது. கை நடுங்கிய இடம், வீண் பேச்சு, நிலத்தைக் காட்டிய பகுதி ஆகியவற்றைத் தாராளமாக வெட்டலாம். குறையைக் காட்டும் பகுதியை வெட்டக் கூடாது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. வீடியோவில் ஆறு சாக்கு உடைசலை வெட்டி எறிவதும், நனைந்த தானியத்தை அடியில் மறைப்பதும் ஒன்றுதான். நான் இப்போது குறையுள்ள சாக்குகளை வீடியோவின் முதல் அரை நிமிடத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். பாதியில் நிறுத்துபவரும் அதைப் பார்த்துவிடுவார். விலை சற்றுக் குறைவாகப் பேசப்படும். ஆனால் பேசிய விலை, லொறி இறங்கிய பிறகும் மாறாது.

வெட்டாத மூல வீடியோவை, காசு முழுவதும் கைக்கு வரும் வரை அழிக்காதீர்கள். தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

அல்லாஹ் நம் அனைவரின் வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.