ரெண்டு வரி போதும், ஆனா தேதி வேணும்



"செல்போன்ல எவ்வளவோ நல்ல விஷயம் வருது. ஆனா அதைக் குழுவுக்கு எழுதிச் சொல்ல உடம்புல தெம்பு இல்லையே" என்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்வரும் உறுப்பினர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நியாயம்தான். இருட்டில் வேன் ஏறி இருட்டில் இறங்குபவரைப் பக்கம் பக்கமாக எழுது என்று சொல்ல முடியுமா? தேவையும் இல்லை.

புதுச்சேரி கிராமங்களில் நடந்ததைப் பாருங்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் அங்கே கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. எம்பலத்தில் கோயில் இடத்தில் இருந்த மையத்தைப் பெண்களே நடத்தினார்கள். வீராம்பட்டினம் மீனவர் கிராமத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை எவ்வளவு உயரம் என்று பார்த்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கடலுக்குப் போகலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ள அதுவே போதும்.

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில் நடந்தது இன்னும் பெரிது. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் சுனாமிச் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். தகவல் மையத்து ஒலிபெருக்கியில் 'எல்லாரும் ஓடுங்க' என்று அறிவித்தார்கள். ஊரே தப்பித்தது. நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

சுருக்கமாகச் சொல்வது வேறு, வந்ததை அப்படியே தள்ளிவிடுவது வேறு. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி ஊர் ஊராகப் பரவியது. நம்ம மாவட்டத்துப் பழவேற்காட்டிலேயே ஒருவரை அடித்துக் கொன்றார்கள். போளூர் பக்கம் கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த பாவத்துக்கு உயிரை விட்டார். அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் பாதிப்பேர் நல்லது செய்வதாக நினைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள். அதே வருடம் ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு வைத்தது.

நம்ம ஊத்துக்கோட்டைக்கே வருவோம். ஆந்திராவில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஆரணி ஆற்றில் நமக்கு வெள்ளம். மழைக்காலத்தில் "பிச்சாட்டூர் திறந்தாச்சு, எல்லாருக்கும் அனுப்புங்க" என்று ஒரு செய்தி வருகிறது. என்றைக்குத் திறந்தது? யார் சொன்னது? ஒன்றும் இருக்காது. போன வருடத்துச் செய்தியே மறுபடி சுற்றும். ரெண்டு தடவை ஏமாந்தவர்கள், மூன்றாவது தடவை நிஜமாகவே தண்ணீர் வரும்போது மாட்டை ஆற்றோரம் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அதையே இப்படி அனுப்பலாம்: "பிச்சாட்டூர் அணை இன்று, இத்தனாந் தேதி, காலையில் திறப்பு. மாவட்ட நிர்வாக அறிவிப்பு. ஆற்றங்கரைக்காரங்க ஜாக்கிரதை." என்ன, என்றைக்கு, யார் சொன்னது, யாருக்கு வேணும் என்று நாலும் வந்துவிட்டது. டைப் அடிக்க அலுப்பாக இருந்தால் குரல் பதிவாகவே அனுப்புங்கள். நம் குழுக்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அக்காமார்களுக்கும் அதுதான் வசதி. சமையல் குறிப்பு, கோலம் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம், தாராளமாக அனுப்புங்கள்!

கடன், மானியம், வேலை என்று வரும் செய்தியில் மட்டும் இன்னொரு விஷயம். உள்ளே இருக்கும் லிங்கைத் தொடாமல் முதலில் ஊக்குநரிடமோ வங்கியிலோ கேளுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.