பனியில் நிற்கும் காருக்குள் 24 மணி நேரம்

2010 டிசம்பர் நடுவில், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சார்னியாவுக்கும் லண்டனுக்கும் இடையே செல்லும் 402ஆம் நெடுஞ்சாலையில் 300க்கும் மேற்பட்டோர் தங்கள் வாகனங்களோடு பனியில் சிக்கிக்கொண்டார்கள். ஹியூரான் ஏரியின் மீது வீசிய குளிர்காற்று, இன்னும் உறையாத நீரிலிருந்து ஈரத்தை அள்ளி வந்து கரையில் பனியாகக் கொட்டியது. எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியாத வெண்மைக்குள் லாரிகளும் கார்களும் வரிசையாக நின்றுபோயின. சிலர் ஒரு நாளுக்கும் மேலாக வண்டிக்குள்ளேயே இருந்தார்கள். கடைசியில் ராணுவ ஹெலிகாப்டர்கள் வரவேண்டியிருந்தது. இது வடதுருவத்தை ஒட்டிய வனாந்தரமல்ல; கனடாவில் மக்கள் அதிகம் வாழும் தென் ஒன்டாரியோவின் முக்கியமான நெடுஞ்சாலை. டொராண்டோவைச் சுற்றி வாழும் தமிழர்கள் உறவினர் வீட்டுக்கும் எல்லை தாண்டி அமெரிக்காவுக்கும் போகும் வழிகளில் இதுவும் ஒன்று.

குளிர்காலத்துக்குக் காரைத் தயார் செய்வது என்றதும் வழுக்காமல் ஓட்டுவதைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறோம். டயர், பிரேக், வைப்பர் எல்லாமே ஓடும் காருக்கான ஏற்பாடுகள். அவை தேவைதான். ஆனால் பனிச்சாலையில் உயிரைப் பறிக்கும் ஆபத்து இன்னொன்று உண்டு. அது கார் நின்றுபோன பிறகு தொடங்குவது. ஒரு கார் குளிர்காலத்துக்குத் தயாராக இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அதில் உள்ள அத்தனை பேரும் ஓர் இரவும் பகலும் அசையாத அந்த வண்டிக்குள் உயிரோடு இருக்க முடியுமா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை முன்னால் வைத்தால், எதை வாங்குவது, எதை எங்கே வைப்பது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகும்.

2022 ஜனவரி முதல் வாரம் இதற்கு இரண்டு சாட்சிகளைத் தந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஐ-95 நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான வண்டிகள் ஓர் இரவைக் கடந்தும் நின்றன. செனட்டர் டிம் கெய்ன் 27 மணி நேரம் அந்த நெரிசலில் இருந்தார். அங்கே உயிரிழப்பு எதுவும் பதிவாகவில்லை. சில நாட்களிலேயே பாகிஸ்தானின் மலை வாசஸ்தலமான முரீயில், பனி பார்க்கப் போன சுற்றுலாப் பயணிகளின் கார்கள் கொட்டும் பனியில் புதைந்தன. குழந்தைகள் உட்பட 20க்கும் மேற்பட்டோர் கார்களுக்குள்ளேயே இறந்துபோனார்கள். முரீயின் குளிர் கனடாவின் வின்னிபெக் நகரக் குளிரைப் போலக் கொடியதல்ல. குளிரைத் தாங்க எஞ்சினையும் ஹீட்டரையும் ஓடவிட்டுக் கண்ணாடிகளை மூடிக்கொண்ட வண்டிகளில் புகைநச்சு பரவியதும் பல சாவுகளுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. குளிரிலிருந்து காப்பாற்றும் என்று நம்பிய பொருளே கொன்றிருக்கிறது.

நடப்பது இதுதான். காரைச் சுற்றிப் பனி ஏறும்போது பின்னால் உள்ள சைலன்சர் குழாயின் வாய் முதலில் மூடிக்கொள்ளும். வெளியேற வேண்டிய புகை வண்டியின் அடியில் தேங்கி, தரையிலுள்ள சிறு இடுக்குகள் வழியாகவும் காற்று இழுக்கும் துவாரங்கள் வழியாகவும் உள்ளே கசியும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு அது ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, லேசான குமட்டல், பிறகு தூக்கம். நீண்ட பயணத்தில், நள்ளிரவில், களைப்பில் இருப்பவருக்கு இவை மூன்றும் இயல்பானவை என்றே தோன்றும். பின் இருக்கையில் குழந்தை தூங்கிவிட்டது என்று பெற்றோர் நிம்மதி அடையும் நேரத்தில்தான் விபரீதம் நடக்கும்.

ஆகவே பனியில் நின்ற காரில் எஞ்சினைத் தொடர்ந்து ஓடவிடக் கூடாது. மணிக்குப் பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு முறையும் சாவியைத் திருப்புவதற்கு முன் இறங்கிப்போய்ச் சைலன்சர் வாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது எல்லோரும் சேர்ந்து தூங்கவே கூடாது. பத்து நிமிடம் என்பதில் எரிபொருள் கணக்கும் இருக்கிறது. நடுத்தரக் கார் ஒன்று நின்ற இடத்தில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோல் செலவாகும். இடைவிடாமல் ஓடவிட்டால் அரை டாங்க் ஒரு நாளில் காலி. மணிக்குப் பத்து நிமிடம் என்றால் 24 மணி நேரத்துக்கு நான்கு லிட்டர்தான். குளிர்காலத்தில் டாங்க்கைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள் என்று சொல்லப்படுவதன் பொருள் இதுவே.

பனி அள்ளும் ஷவல் இல்லாமல் சைலன்சரைத் துப்புரவு செய்ய முடியாது. அதனால் அவசரப் பொருட்களில் முதல் இடம் அதற்குத்தான். பலரும் அதை டிக்கியில் போட்டுவிடுகிறார்கள். டிக்கியின் மேல் இரண்டடி பனி குவிந்து, பூட்டும் உறைந்துபோனால், ஷவல் இருந்தும் இல்லாததற்குச் சமம். ஷவல், போர்வைகள், டார்ச் மூன்றும் பயணிகள் உட்காரும் பகுதிக்குள்ளேயே இருக்கட்டும். கனடா அரசு தரும் கார் அவசரப் பொருள் பட்டியலில் ஆழமான தகரக் குவளைக்குள் ஒரு மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் இருக்கின்றன. பழைய காபி டின் ஒன்றின் அடியில் குட்டையான, தடித்த மெழுகுவர்த்தியை நிறுத்தினால் சுடர் டின்னின் விளிம்புக்குக் கீழேயே நிற்கும். கார் அசைந்தாலும் போர்வையில் பற்றாது. சற்று நேரத்தில் டின்னின் பக்கங்கள் சூடேறும். அதன் அருகே பிடித்தால் விறைத்த விரல்கள் மறுபடி மடங்கும். முழுக் காரையும் அது சூடாக்கிவிடாது. எஞ்சின் அணைந்திருக்கும் 50 நிமிடங்களைத் தாண்டுவதற்குக் கைகொடுக்கும். அதுவும் காற்றைச் செலவழிக்கும் என்பதால் கண்ணாடி இடைவெளி அப்போதும் வேண்டும்.

தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலில், வாய்வரை நிரப்பாமல் வையுங்கள். உறைந்தால் விரிவதற்கு இடம் வேண்டும். வேர்க்கடலை, பேரீச்சம்பழம், எள்ளுருண்டை போன்றவை குளிரில் கெடுவதுமில்லை, வயிற்றுக்கும் தெம்பு. நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினைப் பையில் போட்டுப் பின்னால் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது. சட்டையின் உள்பையே அதற்கு இடம். கைபேசிக்கும் அதே இடம்தான், குளிரில் அதன் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்.

உடை விஷயத்தில் நம் குடும்பங்களின் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. வீட்டுக் கராஜில் ஏறி, மண்டபத்தின் வாசலில் இறங்குபவர்கள் காரின் ஹீட்டருக்கு ஏற்பத்தான் உடுத்துகிறார்கள். பட்டுப்புடவை, மெல்லிய செருப்பு, மேலே ஒரு சால்வை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்குச் சரியான பூட்ஸே இருக்காது. அந்தக் கார் நடுவழியில் நின்றால் இறங்கிச் சைலன்சரைத் துப்புரவு செய்யக்கூட அவர்களில் ஒருவராலும் முடியாது. ஆளுக்கொரு போர்வை, தொப்பி, கையுறை, கம்பளிக் காலுறை வண்டியிலேயே கிடக்க வேண்டும். குழந்தைகள் விஷயத்தில் எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. பருத்த குளிர்கோட்டோடு குழந்தையை இருக்கையில் கட்டினால், மோதலில் கோட்டு நசுங்கி, பட்டை தளர்ந்து, குழந்தை நழுவிவிடும். மெல்லிய உடையில் பட்டையை இறுக்கிக் கட்டி, கோட்டையோ போர்வையையோ மேலே போர்த்துவதே சரி.

கார் நிற்காமல் இருப்பதற்கான ஏற்பாடுகளுக்கு வருவோம். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கி, சாலையைப் பிடிக்கும் திறனை இழக்கிறது. குளிர்கால டயர் வேறு கலவை. உறைநிலைக்குக் கீழும் அது இளகியே இருக்கும். மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் பனித்துகள் பொறித்த குறியைப் பார்த்து வாங்க வேண்டும். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் காப்பீட்டு நிறுவனங்கள் இந்த டயருக்குக் கட்டணச் சலுகை தந்தாக வேண்டும். காற்றழுத்தத்தையும் பாருங்கள். வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி குறையும்போதெல்லாம் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். செப்டம்பரில் 20 டிகிரியில் அடித்த காற்று, மைனஸ் 20ல் ஏறத்தாழ 7 பிஎஸ்ஐ குறைந்திருக்கும். பேட்டரி உறைநிலையில் தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழக்கும், மைனஸ் 18ல் பாதிக்கும் மேல். நாலைந்து வயதான பேட்டரியை நவம்பரிலேயே சோதித்துவிடுவது நல்லது. வாஷர் திரவம் மைனஸ் 40 தாங்குவதாக இருக்கட்டும்.

இவ்வளவும் எதற்கு, என் கார் நான்கு சக்கரமும் இழுப்பது என்பார் ஒருவர். நான்கு சக்கர இழுவை கிளம்புவதற்கு உதவும். நிறுத்துவதற்கு எல்லாக் கார்களுக்கும் இருப்பது அதே நான்கு பிரேக்குகள்தான், நிறுத்துவது டயர்தான். கைபேசி இருக்கிறது, 911 இருக்கிறது என்பது வலுவான வாதம். சாதாரண நாளில் அது உண்மையும்கூட. ஆனால் 2022 டிசம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தைத் தாக்கிய பனிப்புயலில் ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளுமே பனியில் சிக்கின. நகரத்துக்குள்ளேயே, உதவிக்கு அழைத்தும் உதவி வந்து சேராமல் மக்கள் இறந்தார்கள். நான் ஊருக்குள் மட்டும்தான் ஓட்டுகிறேன் என்பவருக்கும் இதுவே பதில். மின்சாரக் கார் பனியில் நின்றால் கதை முடிந்தது என்ற அச்சமும் பரவலாக இருக்கிறது. குளிரில் அதன் ஓடும் தூரம் கணிசமாகக் குறையும் என்பது சரி. நின்ற இடத்தில் கணக்கு வேறு. உள்ளே வெப்பத்தைத் தக்கவைக்க சுமார் 2 கிலோவாட் போதுமென்றால், 60 கிலோவாட் மணி பேட்டரி பாதி நிறைந்திருந்தாலே 15 மணி நேரம் தாங்கும். புகையும் இல்லை. நிறைய சார்ஜோடு கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு கிளம்பாமல் இருப்பது. ஒன்டாரியோவில் 511 தகவல் சேவையில் சாலை நிலவரம் தெரிந்துவிடும். ஆனாலும் கிளம்பிவிடுகிறோம், ஏனென்றால் போகாவிட்டால் மனஸ்தாபம். தைப்பொங்கலும் தமிழ் மரபுத் திங்கள் விழாக்களும் வருவது ஜனவரியில், பனி உச்சத்தில் இருக்கும் மாதத்தில். பயணிகளை மட்டும் எச்சரித்துப் பயனில்லை. விழா நடத்துபவர்களும், கல்யாணம் வைப்பவர்களும், விருந்துக்கு அழைப்பவர்களும் இதில் பொறுப்பேற்க வேண்டும். பனிப்புயல் எச்சரிக்கை வந்த அன்று காலையிலேயே நீங்களாகத் தொலைபேசியை எடுத்து, “இன்றைக்கு வரவேண்டாம், அடுத்த வாரம் வாருங்கள்” என்று சொல்லிவிடுங்கள்.