பாட்டியின் கூடை பேத்திக்கும்தானா?



"படிச்சு என்னங்க ஐயா கண்டோம்? நம்ம பிள்ளைக்கு யாரு உத்தியோகம் தரப்போறா?" லயங்களுக்குப் போகும்போதெல்லாம் இந்தப் பேச்சைக் கேட்கிறேன். இதில் நியாயம் உண்டு. ஆனால் அது பழைய காலத்து நியாயம்.

பிழைக்கப் போன நாட்டில் பலருடைய பிள்ளைகள் அடுத்த தலைமுறையிலேயே வேறு தொழிலுக்குப் போய்விடுகிறார்கள். நம் முன்னோர் 1820களிலிருந்து கோப்பிக்கும், 1867க்குப் பின் தேயிலைக்கும் வந்தவர்கள். இத்தனை தலைமுறையாகியும் நாம் ஏன் மலையிலேயே நின்றோம்?

முதலாவது, வீடும் வேலையும் ஒன்றாய்க் கட்டப்பட்டிருந்தது. தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் லயக் காம்பரா. இரண்டாவது, பாடசாலை. 1907ஆம் ஆண்டுச் சட்டம் படிப்பைத் துரைமார் பொறுப்பில் விட்டது. பெரும்பாலும் ஒரே வாத்தியார். ஐந்தாம் வகுப்போடு சரி. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தும், தோட்டப் பாடசாலைகளை 1970களில்தான் அரசாங்கம் ஏற்கத் தொடங்கியது. மூன்றாவது, 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம். பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் ஏது?

இன்று நிலைமை வேறு. பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து நம் பிள்ளைகள் பலர் ஆசிரியர்களாகியிருக்கிறார்கள்.

பிறகு எங்கே தடுக்குகிறது? எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு ஓ.எல். சமயத்தில் அடையாள அட்டை கிடைக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பேர் ஒன்று, பாடசாலையில் வேறொன்று. அதைத் திருத்த அலைந்து மனம் விட்டுப்போய், கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான். நானும் பிந்தித்தான் அறிந்தேன். ஒரு வருடம் முன்பே அந்தக் கடதாசியைப் பார்த்திருக்கலாமே என்று இன்றும் மனது குத்துகிறது.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள்.

1. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். 15 வயதானதும் பாடசாலை மூலம் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

2. 16 வயதுவரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும். அதற்கு முன் கடைக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்புவது சட்டப்படி குற்றம்.

3. ஓ.எல். தவறினால் எல்லாம் முடிந்ததென்று நினைக்காதீர்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்கலாம். அது 1ஆம் மட்டத்திலிருந்து 7ஆம் மட்டம்வரை, பட்டத்துக்குச் சமமாக, மேலே போகும்.

கடதாசி விசயம் விளங்காவிட்டால் வெட்கப்படாமல் உங்கள் நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் வேண்டாம். இந்த வாரமே வாருங்கள்.